நான் எழுதாமல் விட்ட காட்சி

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன்னால் ஏழு நிமிட நாடகம் ஒன்று போடுவோம். ஆரம்பித்து வைத்தவர் பாஸ்டர். “நான் பேசும்போது பாதிப் பேர் தூங்கிடறாங்க சிஸ்டர். அவங்க வாழ்க்கையவே முன்னாடி கொண்டாந்து நிறுத்தினா முழிச்சிக்கினு இருப்பாங்க இல்ல?” என்றார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதை எப்போதோ சொல்லித் தொலைத்திருந்தேன். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். அங்கேயும் எனக்கு சிஸ்டர் என்றுதான் பெயர்.

முதல் மூன்று மாதம் குடிகாரக் கணவன், மாமியார் சண்டை, பரீட்சை பயம் என்று எழுதினேன். மூன்றிலும் கடைசியில் ஒருவர் முழங்காலில் நின்று ஜெபிப்பார், பிரச்சினை தீர்ந்துவிடும், எல்லாரும் கைதட்டுவார்கள். குடிகாரக் கணவன் நாடகத்தைப் பார்த்து முதல் ஆளாகக் கைதட்டியவருக்கு மறுநாளும் வாயில் சாராய வாடை அடித்தது. எனக்கு அலுத்துவிட்டது. நான்காவது நாடகத்தையாவது நான் தினமும் பார்ப்பதிலிருந்து எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் பெண்பிள்ளைகள் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறார்கள். கழிவறைக்குப் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்க மாற்று ஆள் வந்தால்தான் நகர முடியும். மாதவிலக்கு நாளில் ஒரு பெண் மூன்று முறை கையைத் தூக்குகிறாள், சூப்பர்வைசர் மூன்று முறையும் “டார்கெட் முடியட்டும்” என்கிறார், அவள் மயங்கி விழுகிறாள். இதுதான் நான் எழுதியது.

சபைக் கமிட்டியில் வாசித்தபோது செயலாளர் நெளிந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நல்ல மனுஷர், சபைக் கட்டடத்துக்கு நின்று உழைத்தவர்.

“இன்னாம்மா இது? கோயில்ல வந்து பாத்ரூம் கதை சொல்லிக்கினு.”

“வாரா வாரம் மைக்ல கர்ப்பப்பை கட்டி, மூலம்னு எல்லாத்தையும் பேர் சொல்லித்தானே ஜெபிக்கிறோம்?” என்றேன்.

“அது ஜெபக்குறிப்பு. இது நாடகம்மா.”

பாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தலைவலின்னு மாத்திடலாமே சிஸ்டர், கருத்து ஒண்ணுதான்” என்றார். கூடவே, முடிவில் அந்தப் பெண் ஜெபிக்க வேண்டும், சூப்பர்வைசர் மனம் மாற வேண்டும் என்றும் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அன்று ஒரு டம்ளர் நசுங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அந்தப் பெண்ணாக நடிக்க வந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஹாஸ்டலில் தங்கி எங்கள் தொழிற்சாலையிலேயே லைனில் வேலை செய்பவள். சூப்பர்வைசராக நடிக்க, வேன் ஓட்டும் ஒரு தம்பி. அவள் தாள்களை ஒருமுறை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“தலவலின்னு போட்டிருக்கு?”

“கமிட்டி மாத்திட்டாங்கம்மா.”

“சரி, அத விடுங்க. இதுல நர்ஸ் சீனே இல்லியேக்கா?”

“நர்ஸ் எதுக்கு?”

“மயங்கி விழுந்த பொறவு எங்க கொண்டு போவாங்க? உங்ககிட்டதான? நீங்க மாத்திர குடுப்பீங்க, பத்து நிமிஷத்துல எந்திரிச்சு போகச் சொல்லுவீங்கள்லா?”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சூடானது. படுக்கையில் பத்து நிமிடத்துக்கு மேல் யார் இருந்தாலும் ஷிப்ட் அதிகாரி போன் செய்வார், பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும், என் கையில் ஒன்றும் இல்லை என்று படபடவென்று சொன்னேன்.

“தெரியும்க்கா. அதத்தான் எழுதுங்கன்னு சொல்லுதேன்.”

வீடு வந்து சேரும்வரை அவள்மேல் கோபமாக வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தக் கோபம் யார்மேல் என்று பிடிபட்டது. கமிட்டி ஒரு வார்த்தையையும் முடிவையும் மாற்றியதற்கு அத்தனை ஆத்திரப்பட்ட நான், ஒரு காட்சியையே எழுதாமல் விட்டிருந்தேன். விட்டது எனக்கே தெரியவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. அப்போதே எழுதினேன். நர்ஸாக நடிக்க வேறு ஆள் தேடவும் இல்லை.

ஞாயிறன்று அவள் மூன்று முறை கையைத் தூக்கினாள், விழுந்தாள். நான் மாத்திரை கொடுத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தினமும் சொல்கிற அதே குரலில், “எழுந்திரும்மா, டைம் ஆச்சு, எனக்கு போன் வந்துரும்” என்றேன்.

சபை சிரித்தது. சிறிய சிரிப்பு இல்லை, குலுங்கிச் சிரித்தார்கள். பின்வரிசையில் ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. மேடை மாதிரி போட்டிருந்த விரிப்பில் நான் அப்படியே நின்றேன். பிறகு அவள் ஜெபித்தாள், சூப்பர்வைசர் மனம் மாறினார், கைதட்டல். பாஸ்டர் பொறுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார். வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நர்ஸ் வேஷம் செம காமெடிம்மா, இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கலாம்” என்றார்.

அந்த வியாழக்கிழமை அவளை நிஜமாகவே என் அறைக்குக் கூட்டி வந்தார்கள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். பன்னிரண்டாவது நிமிடம் போன் அடித்தது.

“சிஸ்டர், அந்தப் பொண்ணு ரெடியா?”

“இல்ல சார். இன்னும் அரை மணி நேரம் ஆகும்.”

“இன்னா சிஸ்டர், லைன் நிக்குது.”

“ஆள் அனுப்பி ஓட்டுங்க சார்” என்று வைத்துவிட்டேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் நிர்வாகத்திடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் இருக்கிற ஷிப்டில் அரை மணி நேரம் வரை யாரையும் எழுப்புவதில்லை. அடுத்த ஷிப்டில் வேறு நர்ஸ், அங்கே இன்னும் பத்து நிமிடம்தான். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

அடுத்த மாத நாடகத்தைப் பற்றிப் பேசப் போனபோது, போன மாத நாடகத்தையே ஒருமுறை ஜெபக்காட்சி இல்லாமல் போடலாமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். “அது நல்லா முடிஞ்சிடுச்சே சிஸ்டர்” என்றார். செல்போன் பைத்தியத்தைப் பற்றி ஒன்று எழுதித் தரச் சொன்னார். எனக்கு இனி அப்படி முடித்து எழுத வராது, வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றேன். பாவம், அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். எழுத ஆள் கிடைக்கவில்லை. இப்போது அந்த ஏழு நிமிடத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அபிநயப் பாட்டு பாடுகிறார்கள். எல்லாரும் விழித்துக்கொண்டு போனில் படம் எடுக்கிறார்கள்.