கினாரா எங்கே?

நேபாள மலையில் ஒரு கணவாயை நோக்கி நாள்கணக்காக ஏறிக்கொண்டிருக்கிறோம். வழியில் ஒரு தேநீர்க் கடையில் பையை இறக்கியதும் எனக்கு அழுகை வருகிறது.

"முடியலய்யா, எறங்கிடலாம்."

"கொஞ்சம் தம் கட்டுமே. கரை எங்கனு கேக்குறேன்" என்கிறார் கணவர். பழவேற்காட்டில் படகேறி வளர்ந்தவருக்குப் பயணம் முடிகிற இடமெல்லாம் கரைதான். கடைக்காரப் பெண்ணிடம் அரைகுறை இந்தியில் கேட்கிறார்: "கினாரா கித்னா தூர்?"

கரை எவ்வளவு தூரம் என்றதும் அந்தப் பெண் விழிக்கிறாள். "இங்கே கடலே கிடையாதே!"

இவர் அசடு வழிந்தபடி இரண்டு கைகளாலும் துடுப்புப் போட்டுக் காட்டிவிட்டு, மேலே ஏறும் பாதையைக் கைகாட்டுகிறார். அவள் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவருகிறாள். மேகம் விலகிய கணவாயில் வண்ணக் கொடிகள் படபடக்கின்றன.

"அதோ, கினாரா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை மாட்டுகிறேன். முதன்முறையாகக் கரையை அண்ணாந்து பார்க்கிறேன்.