பதினேழு காட்டிய கெபாசிட்டர்

மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்குப் ‘புள்ளி மேடம்’ என்று பேர். அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு புள்ளி கூடுதலாக ஓடினாலும் அந்த மீட்டரைத் தள்ளி வைத்துவிடுவாள். மேலாளரே வந்து கேட்டாலும் அசையமாட்டாள். பதினெட்டு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி.

கணவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். வார இறுதி மாலைகளில் நாலு பேர் கொண்ட குழுவில் கிடார் வாசிப்பார். ஒருநாள் அவருடைய பெடல், அதாவது காலால் அழுத்தினால் கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் சின்ன இரும்புப் பெட்டி, வாசிப்பின் நடுவே ஊமையாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அவள் நாலு திருகைக் கழற்றி உள்ளே பார்த்தாள். “இவ்வளவுதானா?” என்றாள். அடுத்த வாரமே அதைவிட நல்லதாக ஒன்று செய்து கொடுத்தாள். அதிலிருந்து குழுவுக்கு வேண்டிய பெட்டியெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் பிறந்தன.

சண்டையும் அங்கேதான் பிறந்தது. பெடலுக்குள் கெபாசிட்டர் என்று ஒரு உறுப்பு உண்டு. பேட்டரியின் மின்சாரத்தைத் தடுத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வழிவிடும் வாசல்காரன் மாதிரி. அதன் அளவு கூடினால் கனத்த சத்தம் கூடுதலாக உள்ளே வரும். பொட்டு மாதிரி வட்டமாக இருக்கும் செராமிக், மிட்டாய் மாதிரி இருக்கும் பிலிம், மெழுகு பூசிய பழைய காகிதக் குழாய் என்று அதில் பல வகை. வகைக்கு வகை சத்தம் மாறும் என்பார் கணவர். காகிதம் போட்டால் சத்தம் கதகதப்பாக இருக்குமாம், செராமிக் காதைக் கீறுமாம். அளவு ஒன்றாக இருந்தால் எந்த வகையும் ஒன்றுதான் என்பாள் அவள்.

ஒருமுறை அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, ஒரே அளவில் மூன்று வகையை மாற்றி மாற்றிக் கேட்க வைத்தாள். பன்னிரண்டில் நாலுதான் சரியாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே அவ்வளவு வரும் என்றாள். அவர் விடவில்லை. பென்சிலால் செராமிக்கைத் தட்டச் சொன்னார். தட்டினாள். ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்டது. பிலிமைத் தட்டினால் ஒன்றும் கேட்கவில்லை.

“பாத்தியா? வகைக்கு வகை மாறுதா இல்லையா?”

“நீங்க மேடையில பென்சிலால தட்டிட்டா இருக்கப் போறீங்க?”

இருவரும் சிரித்தார்கள். வழக்கு மட்டும் முடியவில்லை. பதினோரு வருடம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அச்சகத்தில் அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவளுக்குத் தகவல் வந்தபோது கையில் ஒரு மீட்டர் இருந்தது. அதன் எண்ணைக் குறித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பிறகு பலர் இதை நெஞ்சழுத்தம் என்றார்கள். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. கை ஆரம்பித்த வேலையை முடித்தது, அவ்வளவுதான்.

பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பினாள். சாப்பிட்டாள், தூங்கினாள், துணி மடித்தாள். பழக்கத்தில் இரண்டு தம்ளர் காபி போட்டுவிட்டால் இரண்டாவதைத் தொட்டியில் ஊற்றினாள். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. அக்கா மட்டும் வாரம் ஒருமுறை வந்து, முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“ஒரு தடவை அழுதுடு. எனக்குப் பயமா இருக்கு.”

“வந்தா அழமாட்டேனாக்கா? வரல.”

ஏழு மாதம் கழித்துக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன் வந்தான். கணவரின் நெடுநாள் நண்பன், இவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் ஒரு பெண் இப்போது கிடார் வாசிக்கிறாள், நன்றாகவே வாசிக்கிறாள், அண்ணனுடைய பெடலைத் தொட அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது, அதேபோல் ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டான். அவள் சரி என்றாள். வரைபடம் அவளிடம் இருந்தது. இரண்டே மாலையில் முடித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெடல் திரும்பி வந்தது. சத்தம் மெலிசாக இருக்கிறதாம். வழக்கமாக இப்படிச் சொல்கிறவர்களை அவள் நம்பமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெடல்களையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணையே வரச் சொன்னாள்.

கண்ணாடிக்கடைப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தாள். பின்னால் நின்று இவள் பெடலை மாற்றினாள். முதலாவதா, இரண்டாவதா?

“கடையில நான் கேக்கற கேள்வி இது. இன்னைக்கு என்கிட்டயே கேக்கறீங்க,” என்றாள் அந்தப் பெண். பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்னாள்.

பத்துக்குப் பத்து என்பது பிரமை இல்லை. இரண்டுக்கும் ஒரே வரைபடம், ஒரே உறுப்புகள். வித்தியாசம் வரக் காரணமே கிடையாது. அவள் கணவருடைய பெடலைத் திறந்தாள்.

கிடார் சத்தம் உள்ளே நுழையும் இடத்தில் அவள் வைத்த பிலிம் கெபாசிட்டரைக் காணவில்லை. அங்கே மெழுகு பூசிய ஒரு பழைய காகிதக் குழாய் படுத்திருந்தது. ஏதோ பழைய ரேடியோவிலிருந்து எடுத்தது. அதைப் பற்றவைத்திருந்த ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில், மூக்குச் சளி மாதிரி உருண்டு நின்றது. பக்கத்தில் பலகை கொஞ்சம் கருகியிருந்தது. அவர் பற்றவைத்தால் இப்படித்தான் இருக்கும்.

சொல்லாமல் மாற்றியிருக்கிறார். சொன்னால் இவள் சிரிப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை.

அவள் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னைச் சூடாக்கி, குழாயின் ஒரு கம்பிக் காலை மட்டும் தூக்கி அளந்தாள். மேலே பத்து என்று எழுதியிருந்தது. கருவி பதினேழு காட்டியது. வருடக்கணக்கில் ஈரம் குடித்து அளவு ஏறிப்போயிருந்தது. அந்தக் கனத்த சத்தம் அங்கிருந்துதான் வந்தது. காலைத் திரும்ப அதன் ஓட்டையில் நுழைத்தாள், அயர்னை வைத்தாள், ஈயத்தைத் தொட்டாள். பழக்கத்தில் எல்லாம் இரண்டு விநாடி. சாம்பல் உருண்டை உருகி, பளிச்சென்று, சுத்தமாக நின்றது.

அப்போதுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அவர் கையால் செய்த இரண்டு பற்றவைப்புகளில் ஒன்று போய்விட்டது. அங்கே இப்போது அவளுடையது இருந்தது.

அயர்னைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் வரவில்லை. முனையை ஈரப் பஞ்சில் துடைத்து அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள்.

“என்னாச்சு மேடம்?” என்று கேட்டாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்.

“ஒண்ணுமில்ல. திரும்பாதீங்க. இன்னொரு தடவை பாத்துடலாம்.”

புதுப் பெடலில் பதினேழுக்குச் சரியாக வரும்படி இரண்டு பிலிம் கெபாசிட்டர்களைச் சேர்த்து வைத்தாள். மறுபடி பத்து தடவை கேட்டாள். இந்தமுறை அந்தப் பெண் ஐந்துதான் சரியாகச் சொன்னாள். நடுவில் இரண்டுமுறை, “நீங்க மாத்தவே இல்லதானே?” என்று சந்தேகப்பட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வரச்சொல்லிக் குழு அழைத்தது. ஒரு தச்சுப் பட்டறையின் மாடி. மரத்தூள் வாசனை. அவள் மடக்கு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டிலேயே டிரம் வாசிப்பவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சத்தத்தைக் கவனித்தாள். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

இடைவேளையில் பேஸ் வாசிப்பவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என்ன அண்ணி பண்ணீங்க? அப்படியே அண்ணன் சத்தம்.”

“உங்கண்ணன் சொன்னது சரி. சத்தம் மாறத்தான் செஞ்சிருக்கு. ஏன் மாறுதுன்னு நான் சொன்னதும் சரி.”

அவனுக்குப் புரியவில்லை. “சரி அண்ணி,” என்றான். பிறகு பையிலிருந்து கணவருடைய பெடலை எடுத்து, இது உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும், ஸ்பேரா. ஏதாவது ரிப்பேர்னா யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. எனக்கே கொண்டு வாங்க. நான் பாத்துக்கறேன்.”

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெடல் ஒருமுறைகூடப் பழுதாகி வரவில்லை. வேறு குழுக்களும் அவளைத் தேடி வருகின்றன. காகிதம் நல்லதா, பிலிம் நல்லதா என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். அளந்து போடுங்கள் என்பாள். அதற்கு மேல் யாரிடமும் வாதாடுவதில்லை. அக்கா வருவது மாதம் ஒருமுறை என்று குறைந்துவிட்டது. போன தடவை அக்கா அழச் சொல்லவில்லை. இருவரும் துணி மடித்துவிட்டு, விளக்கு போடும் நேரம்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.