இருபதாவது துணி

சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளிலேயே முப்பது வருஷம் கத்தி பிடித்த சர்ஜன் அவர். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், பயிற்சி டாக்டர்கள் பயந்து ஒதுங்குவார்கள். அவர் எடுக்கும் முதல் பாடமே எண்ணிக்கைதான். "ரத்தம் ஒத்தியெடுக்க வயித்துக்குள்ள வெச்ச துணியும் வெளியே வந்த துணியும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா தைக்காதே!"

அவருக்கே பயம் வரும் என்றால் யார் நம்புவார்கள்? வந்தது, நன்றாகவே வந்தது.

குடல் வெடித்து வந்த பஸ் கண்டக்டருக்கு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். காய்ச்சல் இறங்கவில்லை. வயிறு பலகையாக விறைத்திருந்தது. தொட்ட கையை அவரால் எடுக்க முடியவில்லை. அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் ஏதோ சொன்னாளே! என்ன சொன்னாள்? தையல் ஊசியும் கையுமாக அவளைத் திரும்பிப் பார்த்தது மட்டும்தான் நினைவிருந்தது.

துணி வெட்டி மடிக்கும் அறையில் இருந்த அந்த நர்ஸ், அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"மறைக்காம சொல்லும்மா. அன்னைக்கு எத்தனை துணி திரும்பி வந்துச்சு?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பத்தொம்பது, சார்."

"இருபதுன்னு எழுதியிருக்கியே! அப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னேன் சார். நீங்க முறைச்சீங்க. ஒழுங்கா எண்ணுன்னு கத்தினீங்க. திரும்ப எண்ணாமலே சரியா இருக்குன்னுட்டேன்."

முப்பது வருஷமாக மற்றவர்கள் மனசில் அவர் பெருமையாகக் கட்டிக்காத்த பயம், ஒரு மனுஷன் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதே!

அரை மணி நேரத்தில் மறுபடி திறந்தார். கல்லீரலுக்குக் கீழே, சீழில் ஊறிச் சுருண்டு கிடந்தது இருபதாவது துணி. அவரே எடுத்துத் தட்டில் போட்டார். பயிற்சி டாக்டர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். நர்ஸ் எண்ணி முடிக்கும்வரை ஊசியைத் தொடவில்லை.

கண்டக்டர் பிழைப்பாரா என்று இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கண்டக்டர் கண் விழித்தார். சர்ஜன் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நர்ஸ், பயிற்சி டாக்டர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உங்க வயித்துல துணியை விட்டது நான்தாங்க. இந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் காதுல வாங்கலை."



"ஒரு ஆள் குறைஞ்சாலும் நான் விசில் அடிக்க மாட்டேன் டாக்டர்," என்றார் கண்டக்டர். "டிரைவர் எவ்வளவு முறைச்சாலும்."

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, எந்த நர்ஸ் எண்ணிக்கை சரி என்றாலும் சர்ஜன் இன்னொரு முறை கேட்பார்:

"பயந்துக்கிட்டு சரின்னு சொல்லலையேம்மா?"