டி டிரைவில் இருந்த கார் ரேஸ்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் போகிற இடமெல்லாம் முதலில் கேட்கும் வாக்கியம், ‘நான் ஒண்ணுமே பண்ணல’ என்பதுதான். இந்தத் தொழிலில் அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலவசம்

டிஜிட்டல் கேமரா வந்த புதிது. ஸ்ரீராம்புரத்தில் கல்யாணப் போட்டோ எடுக்கும் தேவராஜின் கம்ப்யூட்டர், ஆன் செய்ததும் தானே அணைந்தது. பிரவுசிங் சென்டரில் இலவசமாகக் கிடைத்த கார் ரேஸ் கேம் ஒன்றை சிடியில் எழுதிவந்து போட்டிருந்தார். வில்லங்கம் அதற்குள் இருந்தது. வைரஸ் என்றார். வைரஸ் தானாகப் பரவும், இது நாமே கதவைத் திறந்தால்தான் உள்ளே வரும், இரண்டும் வேறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“வேற வேறயே இருக்கட்டும் சார். போட்டோ இருக்குதா, பூடுச்சா?”

எங்கள் வைத்தியம்

இருந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே. விண்டோஸ் இருக்கும் சி டிரைவை அழித்து மறுபடி போடுவோம். வாடிக்கையாளர் தன் பொருளை வைத்திருக்கும் டி டிரைவைத் தொடமாட்டோம். அப்படியே செய்தேன். டி-யில் கல்யாணப் படங்களோடு கார் ரேஸை நிறுவும் செட்டப் ஃபைலும் இருந்தது. எதுவும் குறையாமல் ஒப்படைத்தேன்.

நான்காம் நாள் கூப்பிட்டார். ரேஸைக் காணோமே என்று அதே செட்டப்பை மறுபடி ஓட்டியிருக்கிறார். இம்முறை அது படங்களைத் தின்றுவிட்டது. பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. ஏன் போட்டீர்கள் என்று கோபமாகவே கேட்டேன்.

“நீங்க கிளீன் பண்ணிக் குடுத்ததுதானே சார்னு போட்டேன்.”

பதினொரு படங்கள்

போனவை மலரின் கல்யாணப் படங்கள். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பெண். அவள் வீட்டுக்குச் சொல்லாமல், மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் நடத்திய கல்யாணம். இரண்டே மாதத்தில் அவர்களே அப்படியொன்று நடக்கவில்லை என்றார்கள். வக்கீல் போட்டோ கேட்டார். ஆல்பம் இன்னும் போட்டிருக்கவில்லை. கேமரா கார்டில் அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது.

இரண்டு நாள் முயன்று பதினொரு படங்களை மீட்டேன். எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பந்தி. சாம்பார் வாளி பளிச்சென்று விழுந்திருந்தது. மாலையோ தாலியோ ஒன்றிலும் இல்லை. மலர் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லையா என்றேன். திரையில் விரல் வைத்தாள்.

“இருக்காங்கண்ணா. இதோ சாப்புட்டுனு இருக்காங்களே, இவங்கதான்.”

ஒரு பொருளை உள்ளே என்னவென்று பார்க்காமல் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதை நாங்கள் நேர்மை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.