லில்லி சித்தியின் கை நிறத்தில் ஒரு புடவை

லில்லி சித்தி சாலையோரம் நின்றால் ஆட்டோக்கள் தாமாக வந்து நிற்கும். யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறப்பது அவள் வழக்கம். பல வருடங்களாகப் பார்க்கிறேன். "எங்கம்மா போணும்?" என்று டிரைவர் கேட்பார்.

"எங்கியும் போலப்பா. கைல தேங்கின தண்ணிய கீழ எறக்கிக்கினு இருக்கேன். நீ போ."

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தபோது இடது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கதிர்வீச்சு. நோய் போனது, கை வீங்கியது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதால் ஆஸ்பத்திரித் துணைக்குப் போவது என் பொறுப்பு. "நீர் வடிய வழியில்லாம கையிலேயே நிக்குது. முழுசா சரியாகாது, ஆனா கட்டுக்குள்ள வைக்கலாம்" என்றார் பிசியோதெரபிஸ்ட். மணிக்கட்டு முதல் தோள் வரை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் ஒன்றைக் கொடுத்து, வேலை நேரத்தில் கழற்றவே கூடாது என்றார்.

இதையெல்லாம் சிரிப்போடு எழுதலாமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சித்தியிடமே கேட்டேன். "நீ அழுதுக்கினு எழுதினா எவன் படிப்பான்?" என்றாள்.

அவள் பிழைப்பே அந்தக் கைதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடை, கல்யாணப் பிரிவு. வெள்ளை மெத்தையில் புடவையை விரித்து, முந்தானையைத் தன் இடது தோளில் போட்டு, நீட்டிய கையின் மேல் வழியவிட்டுக் காட்டுவாள். சிகிச்சை முடிந்து திரும்பியதும் மேனேஜர் சந்தோஷ்குமார் அவளை உள்ளே புடவை மடிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். பிளாஸ்திரி நிறத்தில் இருந்த ஸ்லீவைப் பார்த்தவர்கள் "தீக்காயமாம்மா?" என்று விசாரிப்பதில் இறங்கி, புடவையை மறந்தார்களாம்.

"கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்ககிட்ட ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்குக்கா?" என்றார் அவர்.

சித்தி விடவில்லை. நச்சரித்து நச்சரித்து, ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஒரே ஒரு நாள் மெத்தைக்கு வர அனுமதி வாங்கினாள். அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்தால் அங்கேயே இருக்கலாம்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஸ்லீவோடு தன் அண்ணனின் சாயப்பட்டறைக்குப் போனாள். என்னையும் அழைத்துப் போனாள்.

"அரக்குல போட்டுக் குடுண்ணா. பாக்குறவங்க ரவிக்கைக் கைன்னு நெனைக்கணும்."

"சாயம் நிக்கணும்னா கொதிக்கணும்" என்றார் தேவசகாயம் மாமா. பட்டைத் தவிர வேறு எதற்கும் அவர் சாயம் போட்டதில்லை. அதனால் அதையும் பட்டைப் போலவே தளதளவென்று கொதிக்கவிட்டார்.

நிறம் பிரமாதமாக வந்தது. அரக்கும் இல்லை, நாவல்பழமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. சித்தி மாட்டிப் பார்த்தாள். வதக்கிய கத்தரிக்காய்த் தோல் மாதிரி வழிந்து மணிக்கட்டில் சுருண்டு கிடந்தது. இழுவை முழுக்கச் செத்துவிட்டது.

"என்னண்ணா, யானைக்குத் தெச்ச மாதிரி கீது?"

"சாயம் போவாது. அதுக்கு நான் கேரண்டி."

"சாயம் போவாது. எனக்கு வேலதான் போவும்."

புது ஸ்லீவ் வர நாளாகும். காலையில் கை கல்லாக இருந்தது. வீக்கம் அதிகமானால் சுற்றிக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த துணிக்கட்டுகளை எடுத்தாள். விரலில் தொடங்கி, கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். நான் முனையைப் பிடித்தேன். முடித்தபோது கை வெள்ளைத் திண்டு மாதிரி இருந்தது.

"இப்ப தீக்காயமான்னு கேக்க மாட்டாங்க. எந்த லாரின்னு கேப்பாங்க" என்றாள். சிரித்தாள், ஆனால் குரல் இறங்கியிருந்தது. கொடியில் தொங்கிய அரக்கு உறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுத்துக் கட்டின் மேல் மாட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

கடைக்கு அரக்கோணத்திலிருந்து சுகாசினி என்ற கல்யாணப்பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள். மெத்தையில் குவிந்த எதுவும் பிடிக்கவில்லை. சித்தி ஒரு மாம்பழ நிற முந்தானையைக் கையில் வழியவிட்டாள். பெண் புடவையைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தாள். தள்ளி நின்ற சந்தோஷ்குமாரின் முகம் சுருங்கியது.

"ஆன்ட்டி, இந்தக் கலர்ல இருக்குதா?"

"பார்டராம்மா?"

"இல்ல, கைல போட்டுக்கினு இருக்கீங்களே, அது!"

"சும்மா இருடி" என்று அடக்கிய அம்மா, "கையில என்னம்மா?" என்றார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த வீக்கம். அது கெடக்கட்டும், கலர் எப்டிக்கீது சொல்லுங்க."

முகூர்த்தத்துக்கு மாம்பழ நிறத்தை எடுத்துக்கொண்டார்கள். "ரிசப்ஷனுக்கு உன் கலர்ல நானே கொண்டாந்து தரேம்மா" என்று சித்தி வாக்குக் கொடுத்தாள். சந்தோஷ்குமார் தானே பில் போட்டார். மறுநாளும் அவள் மெத்தையிலேயே உட்கார்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். புது ஸ்லீவ் வந்தபின், பழையதைப் பக்கத்தில் ஒரு தையல் போட்டுச் சுருக்கி அதன் மேல் மாட்டிக்கொள்கிறாள்.

அந்த நிறம்தான் இன்னும் வரவில்லை. அந்த ரப்பர் துணி குடித்த மாதிரி பட்டு சாயத்தைக் குடிக்கவில்லை. மாமாவின் பட்டறை மூங்கிலில், சாயம் போட்டுப் பார்த்த பட்டு நூல் கழிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் பிசகு. ரிசப்ஷன் முடிந்தது, வளைகாப்பு முடிந்தது, சுகாசினியின் குழந்தை நடக்கிறது.

நேற்றுகூடப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, என் பொடவ?"

சித்தி போனை வலது காதில் வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். "வருதும்மா, சாயத்துல ஊறிக்கினு கீது" என்றாள். எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றது.