ஹிவெட் அக்காவின் மூன்றாவது கோப்பை

சுவிஸ் ஓஸ்டர்முண்டிகனில் ஹிவெட் அக்கா வீட்டுக்குப் போகிறவர் மூன்று கோப்பை கோப்பி குடிக்காமல் எழும்ப முடியாது. எரித்திரியர்களின் வழக்கம் அது. மூன்றாவதற்குப் பெயர் ஆசீர்வாதம். அவரோடு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற எனக்கு இரண்டிலேயே நெஞ்சு படபடக்கும். "ஆசீர்வாதம் வேண்டாமெண்டால் போ," என்று எங்களுக்குப் பொதுவான டொச்சில், ஜெர்மன் மொழியில், பகிடி விடுவார்.

ஒரு சனி மத்தியானம் மெப்ராத்து வந்தான். அவர்களுடைய தேவாலயத்தில் மேளம் அடிப்பவன். வேலை போய் நாலு மாதம். பூசைக்குப் போர்த்துகிற வெள்ளைச் சால்வையை அக்காவின் மடியில் வைத்தான். பிறகு தங்கள் மொழியில் கதைத்தார்கள். கதைத்ததை எனக்குப் பின்னர் சொன்னவர் அக்கா. எழுதலாம் என்றவன் மெப்ராத்து.

"ஆருக்கெண்டாலும் குடுங்கோ. எனக்கு இனித் தேவைப்படாது."

முதல் கோப்பையை ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார். "சாகிற யோசனையோ?"

"கறுப்புச் சனம் நாங்கள், அக்கா. பாலைவனம், கடல் எல்லாம் தாண்டினனாங்கள். இதுக்கோ உடையிறது? தானாச் சாகிறது பாவமெல்லோ."

அவர் இரண்டாவது கோப்பையை ஊற்றினார்.

"என்ர தம்பியும் தாண்டினவன்தான். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தவன். தானாத்தான் உயிரை விட்டவன். நெஞ்சு வருத்தம் எண்டு ஒன்பது வருசமாப் பொய் சொல்லுறன்."

மெப்ராத்து கோப்பையைக் கீழே வைத்தான். "ஓம், அந்த யோசனைதான்," என்றான்.

அக்கா முதலில் பாதிரியாருக்குப் போன் அடித்தார். "செபியுங்கோ, பாதர். நாங்கள் டொக்டரிட்டப் போறம். பாவமெண்டு மட்டும் அவனுக்குச் சொல்லவேண்டாம்." பிறகு மண்கூஜாவிலிருந்த மூன்றாவது கோப்பியை ஒரு பிளாஸ்கில் ஊற்றினார். அந்த வீட்டில் நான் அப்படிக் கண்டதில்லை.

"மூண்டாவது அங்க. அதைக் குடிக்காமல் நீ எங்கயும் போகேலாது."

அவசரப் பிரிவில் மூவரும் இருந்தோம். கோப்பியை ஊற்றுவதற்குள் டொக்டர் அவன் பெயரைக் கூப்பிட்டார்.

"கோப்பி?" என்றான் மெப்ராத்து.

"திரும்பி வந்து குடி," என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் தங்கி, அவன் வர மூன்று கிழமை ஆனது. அவர் கொட்டையைப் புதிதாக வறுத்து, முதல் கோப்பையிலிருந்தே தொடங்கினார். சால்வையை ஒருவருக்கும் கொடுத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து நின்ற பெண்களிடம், தம்பி எப்படி இறந்தான் என்பதை ஹிவெட் அக்கா சொன்னார். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பேர் மட்டும், கோப்பிக்கு வரலாமோ என்று கேட்டார்கள்.