ஸ்கேன் படமும் என் முதல் சாட்சியும்

இந்தச் சபையில் நான் ஏற்கெனவே ஒரு தரம் சாட்சி சொல்லியிருக்கிறேன். 1994 ஆகஸ்டில், ஞாயிறு ஆராதனையில், என் மகளின் ஸ்கேன் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி தப்பு. அதைத் திருத்தாமல் புதிதாக ஒன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் ரூத். மந்தைவெளியில் வீடு. ராயப்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் பல வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். எலும்பு முறிந்திருந்தால் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் திமிர் எனக்கு உண்டு. நடந்ததில் அந்தத் திமிருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், நான்சி. அந்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம். ஜூலை மாதம் அவள் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தாள். எதிர் வீட்டு ரேடியோவில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள். நான் போய் விசாரித்தேன். அவர்கள் ரேடியோ ரிப்பேராகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொன்னதும் என்னையும் சந்தேகமாகப் பார்த்தாள். நான் வைத்த சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். தனியாக இருக்கும்போது யாருக்கோ பதில் சொன்னாள். வாய் ஓயாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்.

என் கணவர் சாமுவேல் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர்தான் முதலில் சொன்னார்: "மனநல டாக்டர் யார்கிட்டயாவது காட்டிடலாம் ரூத்."

"பைத்தியம்னு பேர் வாங்கிக் குடுக்கப் போறீங்களா? நாளைக்கு அவளை யார் கட்டிப்பாங்க?" என்று பாய்ந்தேன்.

நான் என் வழியில் போனேன். மண்டைக்குள் ஏதாவது இருந்தால் படத்தில் தெரியும், தெரியாவிட்டால் ஒன்றும் இல்லை. இதுதான் என் கணக்கு. மகளுக்குத் தலைவலி என்று மட்டும் சொல்லி எங்கள் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கினேன். ஜன்னலைச் சொல்லவில்லை, ரேடியோவைச் சொல்லவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்து, "ஆண்டவரே, படத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது" என்று ஜெபித்தேன். தி. நகரில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் கொடுத்தார்கள்.

அந்தப் படத்தைத்தான் இங்கே தூக்கிக் காட்டினேன். பிறகு எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலில் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். வருகிறவர்களிடம் வெளிச்சத்தில் விரல் வைத்து, "பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்பேன். சாமுவேல் எப்போது பேச்செடுத்தாலும், "அதான் படம் இருக்கே!" என்பேன். அப்படிப் பதினோரு மாதம் ஓட்டினேன்.

அந்தப் பதினோரு மாதத்தில் நான்சி கல்லூரியை விட்டாள். பரீட்சை எழுதவில்லை. அவள் சுடிதார் கொடியில் தொங்குவது போல உடம்பில் தொங்கியது. ஜெபிக்க வீட்டுக்கு வந்தவர்களைக் கண்டால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். எனக்கு விசுவாசம் போதவில்லை போலும் என்று நினைத்து உபவாசத்தைக் கூட்டினேன். அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

1995 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பெசன்ட் நகரில் ஒரு சகோதரி வீட்டில் உபவாச ஜெபம். அன்று காலை கிளம்புமுன் முழங்காலில் நின்றேன். வழக்கமாகக் கர்த்தர் என்ன செய்ய வேண்டும் என்பதை நானே வரிசையாகச் சொல்லிவிடுவேன். அன்று அதற்குத் தெம்பில்லை. "எனக்குத் தெரியலை. தெரிஞ்ச யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டேன்.

தெருமுனையில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பெயர் காதர் பாய் என்பது பிறகுதான் தெரியும். முன்கண்ணாடியில் 786 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அடையாறு பாலத்தின் மேல் போகும்போது நான்சி திடீரென்று ஒரு காலை வெளியே வைத்தாள். நான் அவள் துப்பட்டாவையும் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வண்டி ஓரமாக நின்றது.

"இறங்கச் சொல்றாங்க" என்றாள் நான்சி. கீழே தண்ணீர்.

"யாரும் சொல்லலைம்மா! ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே!" அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காதர் பாய் இறங்கி வந்து, அவள் பக்கத்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம் சாதாரணமாகக் கேட்டார்: "யாரு பாப்பா சொல்றது? ஆம்பளையா, பொம்பளையா?"

நான்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பேர். ஒருத்தர் ஆம்பளை. அவர்தான் திட்டுவார்."

"இன்னா திட்றான்?"

"நான் கெட்டவளாம். என்னால அம்மா செத்துடுவாங்களாம். அதனால நான் போயிடணுமாம்."

சகோதரரே, சகோதரிகளே, பதினோரு மாதத்தில் நான் அவளிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. குரலை விரட்ட ஊர் முழுக்க ஆள் கூப்பிட்டேன். அது என்ன சொல்கிறது என்று பெற்ற தாய் கேட்கவில்லை. பாலத்தின் மேலேயே ஓவென்று அழுதேன்.

"அயாதம்மா" என்றார் அவர். "எனக்கு மூணு பேரு பேசிக்கினு இருந்தானுங்க. வண்டியே எடுக்க முடியாது. இப்ப மாத்திர போட்டுக்கினு கீறேன். ஒருத்தன் மட்டும் எப்பனா மொணமொணன்னுவான், கண்டுக்கறதில்ல. நமக்குப் பாக்கற டாக்டரு அடையாறுலதான் கீறாரு. பெசன்ட் நகர் போவணுமா, அங்க உடட்டா?"

நான் நான்சியைப் பார்த்தேன். "அங்க போலாம்மா" என்றாள். போனோம். அந்த மனுஷர் நாங்கள் உள்ளே போகும் வரை வாசலில் நின்றார். வேறு மதத்துக்காரர்தான். காலையில் நான் கேட்டது விஷயம் தெரிந்த ஒருவரை. வேறு நிபந்தனை எதுவும் நான் வைக்கவில்லை.

டாக்டர் நான்சியிடம் வெகு நேரம் தனியாகப் பேசினார். மனச்சிதைவு நோய் என்றார். மறுபடி போனபோது நான் ஸ்கேன் படத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "இது சுத்தமா இருக்கே சார்?"

விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். "உங்க வீட்டு போன்ல கிராஸ் டாக் வருதுன்னு வைங்க. ஒயரைப் படம் எடுத்தா அறுந்திருக்கா இல்லையான்னு தெரியும். யாரோ நடுவுல பேசறது தெரியுமா?" என்றார். மூளைக்கு நடுவே இருக்கும் நீர் நிறைந்த இடைவெளிகளைக் காட்டி, இந்த நோயில் சிலருக்கு அவை கொஞ்சம் பெரிதாக இருக்கும், நான்சிக்கு அப்படிச் சொல்லும்படி இல்லை, எப்படி இருந்தாலும் படத்தை மட்டும் வைத்து நோய் உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது என்றார். எத்தனை ஆயிரம் படம் எடுத்த எனக்கு அது புதுப் பாடம்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "நான் கடத்தின பதினோரு மாசம் அவ மூளையை ஏதாவது பண்ணியிருக்குமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சீக்கிரம் வர்றவங்க பெரும்பாலும் சீக்கிரம் தேறறாங்க, அதைப் பார்க்கறேன். இன்னைக்கு வந்திருக்கீங்க, இன்னைலேர்ந்து பார்ப்போம்."

அன்றே படத்தை மறுபடி ஜன்னலில் ஒட்டாமல் மருந்துச் சீட்டுகளோடு ஒரு கவரில் போட்டேன். கூடத்தில் வெளிச்சம் வந்தது.

ஆறு வாரம் கழித்து நான்சி சாம்பாரை முகராமல் சாப்பிட்டாள். சாமுவேல் அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் லேசில் நடக்கவில்லை. முதலில் மருந்தால் அவளுக்குக் கை நடுங்கியது, எந்நேரமும் தூக்கம், உடம்பு பருத்தது. டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். நடுவில் ஒரு தரம் அவளே மாத்திரையை நிறுத்தி, மறுபடி ஜன்னலைச் சாத்தினாள். 1997இல் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது தி. நகரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சாயங்கால வகுப்பு எடுக்கிறாள்.

இதை எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்தேன். 'பூரண சுகம்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "பொய் சாட்சி ஒண்ணு போதும்மா" என்றாள். சரிதான். மாத்திரை தொடர்கிறது, ஸ்தோத்திரமும் தொடர்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கலாம். ஜெபியுங்கள், நானும் கூட ஜெபிக்கிறேன். ஆனால் டாக்டர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபியுங்கள். கர்த்தருக்கு அங்கேயும் காது கேட்கிறது. அதற்கு முன்னால் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நான் தினமும் காபி கொடுக்கும்போது கேட்கிறேன். இன்று காலையும் கேட்டேன்: "யாராவது பேசறாங்களாம்மா?"

"நீங்க ஒருத்தர்தான். அஞ்சு மணியிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.